"நெட் இல்லை" என்றால் எங்கே இருந்து தேடுவது?

காலை எட்டரைக்கு வெள்ளவத்தையில் ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு: "நெட் வேலை செய்யேல்லை." இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் நேரே போய் ரவுட்டரை நிறுத்திப் போடுவார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். மற்றவர்களின் இணைப்பும் அறுந்துபோகும், பிழை எங்கே என்ற தடயமும் அழிந்துவிடும். கிட்ட இருந்து தொடங்கித் தூரத்துக்குப் போங்கள்.

1. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, சிஎம்டி என்று கொடுங்கள். கறுப்புத் திரை வந்ததும் ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள். ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியின் எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல், அதாவது ரவுட்டரின் முகவரி) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை. தானே ஒன்றை வைத்துக்கொண்டது. வயர், வைஃபை, டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் சேவை) மூன்றையும் பார்க்காமல் மேலே போகவேண்டாம்.

2. இனி கேட்வேக்கு பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை): பிங் 192.168.1.1 என்பதுபோல. இந்த இடத்தில் நிதானமாக வாசியுங்கள். புறக்கோட்டையில் ஒரு கடையில் எனக்கு ஒரு மணித்தியாலம் வீணாகப் போனது இதில்தான். கடைசி வரியில் "0% லாஸ்", அதாவது எதுவும் தொலையவில்லை என்று இருந்தது. லைன் சரி என்று நினைத்துவிட்டேன். மேல் வரிகளில் "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" (போகவேண்டிய இடத்தை அடைய முடியவில்லை) என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அந்தப் பதில் வந்தது ரவுட்டரிடமிருந்து அல்ல, அதே கணினியின் சொந்த முகவரியிலிருந்து! விண்டோஸ் அதையும் வந்த பதிலாகவே எண்ணிவிடும். சுவிட்சுக்கும் (கணினிகளின் வயர்கள் வந்து சேரும் பெட்டி) ரவுட்டருக்கும் நடுவே போன வயரின் கிளிப் உடைந்து, அது பாதி கழன்று கிடந்தது. அன்றிலிருந்து பதில் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

3. அப்புறம் பிங் 8.8.8.8 (வெளியே உள்ள கூகுளின் சேர்வர்). இதற்குப் பதில் வந்தால் வெளி லைன் சரி. பதில் வர எடுத்த நேரத்தையும் பாருங்கள். உதாரணமாக, கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஆகவே போய்வர 27 மில்லிசெக்கன்டாவது வேண்டும். சிங்கப்பூர் சேர்வருக்கு 50 காட்டினால் பிழையில்லை. பக்கத்து அறையில் உள்ள உங்கள் ரவுட்டருக்கே 50 காட்டினால் வைஃபையைக் கவனியுங்கள்.

4. 8.8.8.8 பதில் தருகிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? பெரும்பாலும் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் சேவை). என்எஸ்லுக்அப் என்று தட்டி, இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். விடை வராவிட்டால் அதே வரியின் முடிவில் 8.8.8.8 சேர்த்து மறுபடி கேளுங்கள். இப்போது வந்தால் பழுது உங்கள் டிஎன்எஸ் சேர்வரில்.

5. ட்ரேசர்ட் என்று தட்டி முகவரியைக் கொடுத்தால், தரவு போகும் பாதையைக் காட்டும். நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்படாதீர்கள். சில ரவுட்டர்கள் பதில் சொல்லாது, ஆனால் தரவைக் கடத்திவிடும். குறி கடைசிவரை தொடர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

இணைய சேவை நிறுவனத்தை அழைக்கும்போது "நெட் இல்லை" என்று சொல்லாமல், "கேட்வே பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை, காலை 8.30 இலிருந்து இப்படி" என்று சொல்லுங்கள். ரவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னால், அப்போது போடலாம்.