காது மந்தமான நண்பனும் கீபோர்டு மைக்கும்

பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருக்கும் நண்பனுக்குக் காது மந்தமாகிவிட்டது. போனில் நான் கத்துவது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. மெசேஜ் அனுப்பலாம் என்றால், சின்ன எழுத்துகளைத் தேடித் தட்ட என் விரலுக்குப் பொறுமை கிடையாது.

பேத்திதான் வழி சொன்னாள். போனில் உள்ள கூகுளின் ஜிபோர்டு கீபோர்டின் அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தோம். அப்புறம் வாட்ஸ்அப்பில் எழுதும் இடத்தைத் தொட்டு, கீபோர்டில் உள்ள மைக்கை அழுத்திப் பேசினால் எழுத்தாக விழுகிறது. வாட்ஸ்அப்பின் சொந்த மைக்கைத் தொட்டால் குரல் பதிவுதான் போகும். அது அவனுக்கு உதவாது.

நம்ம ஊர் "இன்னா, எங்க கீற?" அதற்குப் பிடிபடவில்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்திப் பேசினால் சரியாக வருகிறது. பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் வேண்டாம். நாங்கள் சந்திப்பது வேலூர் கோட்டைக்குள், ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம். அங்கே நான் கீபோர்டு மைக்கில் பேசுவேன், அவன் என் போன் திரையைப் படித்துவிட்டு வாயாலேயே பதில் சொல்வான். அவன் பேச்சில் ஒரு குறையும் இல்லையே!

அனுப்புமுன் மட்டும் படித்துப் பார்த்துவிடுங்கள். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை அது எப்படி எழுதியது என்று கேட்காதீர்கள்.