மிலிட்டரிக்காரருக்குத் தள்ளுபடி என்று போர்டு வைப்பதற்கு முன்

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பள்ளிகொண்டா, அணைக்கட்டுப் பக்கம் கடை போடுகிற எவருக்கும் ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். இங்கே தெருவுக்கு நாலு வீடாவது பட்டாளத்து வீடு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். லீவில் வருகிறவர் வீட்டுக்கு மிக்சி வாங்குவார், ரிட்டயர் ஆகி வருகிறவர் வீடு கட்டுவார், மகளுக்குச் சீர் எடுப்பார். எங்கள் கடைத்தெருவில் பாதி அந்தக் காசில்தான் ஓடுகிறது. அவர்களுக்கும் ஊருக்கும் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று புதிதாகக் கடை திறக்கிறவர்களுக்குத் தோன்றுவது நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர்கள் செய்வதைப் பார்த்தால், என் பாத்திரக்கடையும் பக்கத்துக் கடைகளும் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்து அச்சுப் பிசகாமல் திரும்ப நடக்கிறது.

விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி கொடுக்காதே, கொடுத்ததற்கு ரசீது வாங்கு என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கல்லாவில் இருப்பவரிடம் சொல்லாமல் போர்டு வைப்பது

வாசலில் "ராணுவ வீரர்களுக்கு 10% தள்ளுபடி" என்று ஃபிளெக்ஸ் தொங்கும். உள்ளே பில் போடுகிற பையனுக்கு அது யாருக்கு, எந்தப் பொருளுக்கு, எதைப் பார்த்துக் கொடுப்பது என்று ஒன்றும் தெரியாது. எழுபது வயது மனிதர் குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு "தம்பி, வெளியே எழுதியிருக்கே" என்று கேட்பார், அவன் "ஓனர் வரட்டும் சார்" என்பான். பின்னால் வரிசை நிற்கும். அவர் குக்கரை வைத்துவிட்டுப் போய்விடுவார், இனி வரமாட்டார். தள்ளுபடி கேட்டு நிற்கிற பழக்கம் இல்லாதவர்களை நிற்க வைத்தால் அப்படித்தான் ஆகும்.

போர்டு வைப்பதற்கு முன் யார் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், கணவரை இழந்த பெண்கள், கூட வரும் மனைவி. அப்புறம் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப்காரர்கள். அவர்கள் உள்துறையின் கீழ் வருகிற துணை ராணுவம், ராணுவத்தில் சேர்த்தி இல்லை என்று சட்டம் பேசி அவர்களை விலக்கினால் ஊரில் பேர் கெட்டுப்போகும். ஆகவே அவர்களையும் சேர்த்து, சேர்த்திருப்பதாக எழுதியே வையுங்கள். 2022-இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் போனவர்களில் பெரும்பாலோர் நான்கு வருஷத்தில் திரும்பி வருவார்கள், அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. "முன்னாள் படைவீரர் அட்டை காட்டினால் மட்டும்" என்று நீங்கள் எழுதினால் அந்தப் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். அதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

அட்டையைக் கண்ணால் பார்த்தால் போதும். பணியில் இருப்பவரின் அடையாள அட்டையைப் போட்டோ எடுப்பது, ஜெராக்ஸ் கேட்பது, "இன்று எங்கள் கடைக்கு வந்த வீரர், இந்த ரெஜிமென்ட், இப்போது இந்த எல்லையில்" என்று பேஸ்புக்கில் போடுவது எதுவும் கூடாது. அவர் எங்கே பணியில் இருக்கிறார் என்பது உங்கள் கடை விளம்பரத்துக்கான சரக்கு கிடையாது.

உண்டியல்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

2019 பிப்ரவரி 14, புல்வாமா. 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், ஒருவர் அரியலூர் மாவட்டம். அந்த வாரம் எங்கள் கடைத்தெருவே கொதித்துப் போயிருந்தது. ஒரு பேக்கரிக்காரர், நல்ல மனிதர், கல்லா மேல் பிஸ்கட் போடுகிற கண்ணாடி ஜாடியை வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, "ராணுவ வீரர் குடும்ப நிதி, ஒவ்வொரு பில்லுக்கும் 5 ரூபாய் எங்கள் பங்கு" என்று செல்லோடேப்பில் ஒட்டினார். முதல் இரண்டு நாள் நூறு ரூபாய் நோட்டாக விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பப்ஸுக்குக் கொடுத்த மிச்சத்தைப் போட்டார்கள்.

எந்த நிதிக்குப் போகும் என்று அந்தத் தாளில் இல்லை. எந்தத் தேதி வரை என்று இல்லை. 5 ரூபாய் தனியாக எடுத்து வைக்கப்படுகிறதா, ஜாடியில் விழுகிறதா என்றும் இல்லை. அவரைக் கேட்டால் "கலெக்டர் ஆபீசில் கொடிநாள் நிதியில் கட்டிடலாம் அண்ணே" என்றார். இங்கேதான் முதல் கோளாறு. கொடிநாள் நிதி 1949-இலிருந்து டிசம்பர் 7-ஐ ஒட்டித் திரட்டப்படுவது, தரைப்படை, கடற்படை, விமானப்படையின் முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போவது. புல்வாமாவில் இறந்தவர்கள் சிஆர்பிஎஃப். அவர்கள் குடும்பத்துக்குக் கொடுக்க, உள்துறை 2017-இல் தொடங்கிய 'பாரத் கே வீர்' தளம் இருக்கிறது, அங்கே குறிப்பிட்ட வீரரின் குடும்பத்துக்கே செலுத்தலாம். முப்படையில் போரில் அடிபட்டவர், இறந்தவர் குடும்பங்களுக்கு 2022-இல் பாதுகாப்பு அமைச்சகம் 'மா பாரதி கே சபூத்' என்று தனித் தளம் திறந்தது. யாருடைய படத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறோமோ அவர் வீட்டுக்கே போகாத நிதியில் அதைக் கட்டினால், பணத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லைதான், ஆனால் போட்டவர்களிடம் பொய் சொன்னதாகிறது.

இரண்டாவது கோளாறு மெதுவாக வந்தது. சில்லறைத் தட்டுப்பாடு. கடைப்பையன் ஜாடியிலிருந்து பத்து ரூபாய்க் காசுகளை எடுத்துவிட்டு நோட்டைப் போடுவான். சில நாள் எடுத்துவிட்டு, கூட்டம் அதிகமானதால் போட மறந்துவிடுவான். கணக்கு நோட்டு கிடையாது. மார்ச் போய், ஏப்ரல் போய், செல்லோடேப் மஞ்சளாகி ஒரு ஓரம் உரிந்து தொங்கியது. ஜாடி அங்கேயே இருந்தது. ஒரு நாள் ரிட்டயர்டு சுபேதார் ஒருவர், பேரனுக்குக் கேக் வாங்க வந்தவர், சாதாரணமாகத்தான் கேட்டார்: "எவ்வளவு சேர்ந்தது தம்பி? எப்போ கட்டினீங்க?" இவருக்குப் பதில் வரவில்லை. "கட்டணும் சார், ஆடிட்டரைக் கேட்டுட்டு..." என்று இழுத்தார். சுபேதார் ஒன்றும் சொல்லாமல் கேக்கை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் எதுவும் சொல்லாவிட்டாலும் விஷயம் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டாளத்துக்காரர்களுக்குள் வாட்ஸ்அப் குழு உண்டு, சங்கம் உண்டு, கேன்டீன் வரிசை உண்டு. அந்த வருஷக் கடைசிக்குள் சுற்று வட்டாரத்துப் பட்டாளத்து வீடுகளின் பிறந்தநாள் கேக் ஆர்டர் முழுக்கப் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்த வேறு கடைக்கு மாறிவிட்டது. கடைசியில் அவர் ஜாடியில் இருந்ததுக்கு மேல் சொந்தப் பணம் நிறையப் போட்டுத்தான் கட்டினார். ரசீதையும் ஒட்டினார். போன வியாபாரம் திரும்பவில்லை. அவர் எடுத்துத் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும், கணக்கில்லாததால் அதை யாரிடமும் நிரூபிக்க முடியவில்லை. இத்தனையும் நடந்த அதே தெருவில், போன மாதம் திறந்த ஒரு ஜூஸ் கடையில் அதே மாதிரி ஜாடி, அதே மாதிரி தாள். கேட்டால் "நல்ல விஷயம்தானே சார்" என்கிறான் அந்தத் தம்பி.

வாடிக்கையாளர் காசைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. உங்கள் லாபத்தில் எவ்வளவு என்று முதலில் முடிவு செய்து, அதை மட்டும் கொடுங்கள். உண்டியல் வைத்தே தீருவேன் என்றால், நிதியின் முழுப் பெயரையும் முடியும் தேதியையும் எழுதுங்கள், பூட்டுப் போட்டுச் சாவியைக் கடைக்கு வெளியே ஒரு மனிதரிடம் கொடுங்கள், இரண்டு சாட்சி வைத்து எண்ணுங்கள், அந்த வாரமே கட்டுங்கள். ஃபிளெக்ஸ் தொங்கிய இடத்தில், அதே உயரத்தில், ரசீதை ஒட்டுங்கள். "ஒரு பில்லுக்கு 5 ரூபாய்" என்று சொல்வதானால், அந்த 5 ரூபாய் உங்கள் விற்பனை விலைக்குள்தான் இருக்கிறது, முழு விலைக்கும் ஜிஎஸ்டி உண்டு என்பது நினைவிருக்கட்டும். ஜாடியில் விழுந்தது ஊர்க்காசு, அதை உங்கள் நன்கொடை என்று வருமான வரியில் காட்ட முடியாது. உங்கள் சொந்தப் பணத்துக்கே, நாம் 80ஜி என்று சொல்கிற கழிவு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை. வரி மிச்சமாகும் என்ற கணக்கில் இதில் இறங்குகிறவர்கள் ஆடிட்டரை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தேசியக் கொடியில் கடைப் பெயர்

அச்சடிக்காதீர்கள். கொடி மேல் எழுத்துப் போடுவது 1971-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், மூன்று வருஷம் வரை சிறை.

ஊழியர்களுக்கு மிலிட்டரி டிரஸ்

வேண்டாம். 2022-இல் வந்த புது டிசைன் ராணுவத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது.

இலவசமாகக் கொடுத்துவிட்டு ஜிஎஸ்டியை மறப்பது

கொடிநாளுக்கு நூறு எவர்சில்வர் டம்ளரை இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்திருப்பீர்கள். பரிசாகக் கொடுத்த பொருளுக்கு அந்த வரவு கிடையாது, திருப்பிக் கட்ட வேண்டும். மாறாக பில்லிலேயே தள்ளுபடி காட்டி விற்றால் குறைந்த விலைக்குத்தான் வரி, வரவுக்கும் சிக்கல் இல்லை. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் அந்த வரவையே எடுப்பதில்லை, அவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

போனில் வரும் 'மேஜர்'

மிலிட்டரி போர்டு வைத்த கடைகளுக்கு இது சீக்கிரமே வரும். இந்தி கலந்து பேசுவான், கேம்ப்புக்கு நாற்பது பிரியாணி அல்லது பத்து ஹாட்பாக்ஸ் வேண்டும் என்பான், நாம் கேட்காமலேயே ராணுவ அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். "ஆர்மி அக்கவுன்டில் இருந்து பணம் வர முதலில் நீங்கள் இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்ய வேண்டும்" என்பான். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்ட உடனே பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை. அட்டையைக் கேட்காமலேயே படம் பிடித்து அனுப்புகிறவனை, அந்தப் படத்துக்காகவே சந்தேகப்படுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள், நேரம் போகப் போக பணத்தை நிறுத்தி வைக்கிற வாய்ப்பு குறையும்.

கேட்கிற எல்லோருக்கும் தலையாட்டுவது

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தால் மோர்ப் பந்தல், பள்ளிக்கூட ஆண்டு விழா, கபடிப் போட்டிக் கோப்பை, அன்னதானம். ரசீது புத்தகத்தோடு வருகிறவர்களுக்கு இருநூறு, ஐந்நூறு என்று கொடுத்துக் கொடுத்து, வருஷக் கடைசியில் கூட்டினால் ஒரு நல்ல தொகை போயிருக்கும், எங்கே போனது என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது. வருஷத்துக்கு இவ்வளவு, இந்த இரண்டு காரியத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் "இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாச்சுங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இழுத்தடித்தால்தான் கோபம் வரும்.

சால்வை, மேடை, பெரிய அட்டையில் செக்

செக்கைக் கொடுங்கள். மற்ற இரண்டும் வேண்டாம்.

வேலை என்றாலே வாட்ச்மேன் வேலை

ஜவான்கள் நிறையப் பேர் நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு வந்துவிடுகிறார்கள். "நம்ம கடையில் மிலிட்டரிக்காரர் ஒருத்தருக்கு வேலை கொடுத்திருக்கேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால், அவரைக் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டிருக்கவே மாட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் இப்படி உட்கார்ந்திருந்தவர், சர்வீஸில் ஸ்டோர்மேன். ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களுக்கு லெட்ஜர் எழுதி, தணிக்கைக்குப் பதில் சொல்லிப் பழகியவர். உள்ளே அந்தக் கடை முதலாளி முக்கால் இஞ்ச் எல்போ எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் வாடிக்கையாளரை நிற்க வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். கடையில் ஸ்டாக் எடுக்கிற அன்றைக்கு ஆள் வராததால் தற்செயலாக அவரை உள்ளே கூப்பிட்டார்கள். இப்போது அவர்தான் குடோன் பார்க்கிறார், சம்பளமும் அதற்கேற்ப. வாசலில் வேறு ஆள்.

கிளார்க், டிரைவர், எலக்ட்ரீஷியன், நர்சிங் அசிஸ்டன்ட், சமையல்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு டிரேடு உண்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். ஆள் வேண்டுமென்றால் வேலூரில் இருக்கிற மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், உதவி இயக்குநர் பெயருக்குக் கடிதம் கொடுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் என்று மூன்றையும் எழுதுங்கள். "தகுதிக்கேற்ற சம்பளம்" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள், தொகையைப் போடுங்கள்.