பழைய எலும்பிலிருந்து அன்றைய உணவைக் கண்டறிவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

நெல்லும் கோதுமையும் சாப்பிட்டு வாழ்ந்தவரின் எலும்பையும், கம்பும் சோளமும் சாப்பிட்டு வாழ்ந்தவரின் எலும்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கும் கார்பனை அளந்தால் தெரிந்துவிடும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று படிப்படியாகப் பார்ப்போம். ஆய்வகம் கையில் இல்லாவிட்டாலும், இந்தத் துறையின் ஆய்வு முடிவுகளை நீங்களே படித்து எடைபோட இது உதவும்.

தொடங்குமுன் தெரிய வேண்டியது

கார்பனில் கார்பன்-12, அதைவிடச் சற்றே கனமான கார்பன்-13 என இரண்டு நிலையான ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு வகைகள்) உண்டு. எத்தனை ஆண்டு ஆனாலும் இவை சிதையாது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும்போது செடிகள் கார்பன்-13ஐ ஓரளவு ஒதுக்கிவிடும். நெல், கோதுமை, பார்லி, பயறு வகைகள், மரங்கள் எல்லாம் அதிகமாக ஒதுக்கும். இவை சி3 செடிகள். மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, கரும்பு ஆகியவை குறைவாக ஒதுக்கும், இவை சி4. உலகப் பொது அளவுகோலோடு ஒப்பிட்டு, ஆயிரத்தில் எத்தனை பங்கு குறைவு என்று இதைச் சொல்வார்கள். சி3 செடிகளுக்குச் சராசரியாக மைனஸ் 27, சி4 செடிகளுக்கு மைனஸ் 12 வரும். இனி 'கார்பன் அளவு' என்பது இந்த எண்தான். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காத அளவுக்கு இடைவெளி இருப்பதுதான் இந்த முறையின் பலம்.

1977இல் ஆய்வாளர்கள் வோகலும் வான் டெர் மெர்வேயும் நியூயார்க் மாநிலத்தில் கிடைத்த மனித எலும்புகளில் இதைக் காட்டினார்கள். மக்காச்சோளம் வருவதற்கு முன் வாழ்ந்தவர்களின் எலும்புக்கும் அதன் பின் வாழ்ந்தவர்களின் எலும்புக்கும் கார்பன் அளவு தெளிவாக மாறியிருந்தது.

நைட்ரஜன் வேறொரு சேதி சொல்லும். புல்லைத் தின்னும் மானைவிட, மானைத் தின்னும் விலங்கின் உடலில் நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான நைட்ரஜன்-15 அதிகம். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை கூடும்.

படி 1: எதை எடுப்பது?

தொடை எலும்பு என்றால் கடைசிப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சாப்பிட்டதன் சராசரி கிடைக்கும். விலா எலும்பு சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் அதைவிடக் குறுகிய காலத்தைக் காட்டும். பல் குழந்தைப் பருவத்தில் உருவாகி அப்படியே நின்றுவிடும். ஒரே ஆளின் பல்லும் எலும்பும் கிடைத்தால், சிறுவயதிலும் பெரியவரான பின்னும் என்ன சாப்பிட்டார் என்று ஒப்பிடலாம்.

எலும்பை வெட்டுவது திரும்பச் சரிசெய்ய முடியாத காரியம். அதனால் முதலில் அனுமதி, அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும். அப்புறம் படமெடுத்து, அளவெடுத்து, முடிந்தால் முப்பரிமாணப் பதிவும் செய்துகொண்டபின், ஒரு கிராமோ அதற்கும் குறைவாகவோ வெட்டினால் போதும்.

படி 2: எலும்பின் புரதமான கொலாஜனைப் பிரித்தெடுப்பது

மேலே ஒட்டியிருக்கும் மண்ணையும் வெளிப்பரப்பையும் சுரண்டிவிட்டு, துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் குளிர்பெட்டியில் சில நாள் வைப்பார்கள். சுண்ணச்சத்து கரைந்து போகும். புரதம் மட்டும் மிஞ்சும். நல்ல எலும்பு என்றால் வடிவம் மாறாமல் அப்படியே இருக்கும், ஆனால் இடுக்கியால் அழுத்தினால் வளைந்து கொடுக்கும், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். கெட்டுப்போன எலும்பு என்றால் புட்டியின் அடியில் பழுப்புத் தூள்தான் கிடக்கும். மிஞ்சியதை லேசான அமில நீரில் சுமார் 70 டிகிரியில் வைத்து ஜெலட்டினாகக் கரைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளையான பஞ்சு போன்ற பொருள் கிடைக்கும். அதுதான் கொலாஜன்.

படி 3: நம்பலாமா என்று சோதிப்பது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கொலாஜனில் கார்பன் அணுக்களுக்கும் நைட்ரஜன் அணுக்களுக்கும் உள்ள விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் மண்ணிலிருந்து ஏதோ கலந்திருக்கிறது, அல்லது புரதம் சிதைந்துவிட்டது. எண் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும். இந்த விகிதத்தைக் குறிப்பிடாத முடிவை நான் ஏற்பதில்லை.

சோதனையில் தேறினால், அரை மில்லிகிராம் அளவை வெள்ளீயச் சிமிழில் போட்டு எரித்து, வரும் வாயுவை, ஐசோடோப்புகளை எடைவாரியாகப் பிரித்தறியும் நிறைமாலைமானிக்குள் அனுப்பி அளப்பார்கள்.

படி 4: எண்ணைப் படிப்பது

கொலாஜனில் கார்பன் அளவு உணவைவிட ஏறக்குறைய 5 கூடும். ஆக, சி3 செடிகளையோ அவற்றைத் தின்ற விலங்குகளையோ மட்டும் சாப்பிட்டவருக்கு மைனஸ் 22 ஒட்டியும், சி4 மட்டும் என்றால் மைனஸ் 7 ஒட்டியும் வரும். உதாரணத்துக்கு, ஒருவருக்கு மைனஸ் 12 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளுக்கும் இடையில் 15 அலகு. இவர் சி3 முனையிலிருந்து 10 அலகு நகர்ந்திருக்கிறார். 10ஐ 15ஆல் வகுத்தால் சுமார் 67 விழுக்காடு சி4.

சரி, இவர் தினை சாப்பிட்டவரா? அவசரப்பட வேண்டாம். கடல் மீனும் சிப்பியும் நிறையச் சாப்பிட்டாலும் மைனஸ் 12 வரும். இங்கேதான் நைட்ரஜன் கைகொடுக்கிறது: கடல் உணவுச் சங்கிலி நீளமானது என்பதால் நைட்ரஜன் அளவு 15ஐத் தொடலாம், தானியம் மட்டும் என்றால் அதைவிடத் தாழ்ந்தே இருக்கும். ஊரின் வரலாறும் உதவும். ஸ்காட்லாந்தின் ஓரன்சே தீவுச் சிப்பிமேடுகளில் கிடைத்த இடைக்கற்கால மனித எலும்புகளில் இப்படிப்பட்ட கார்பன் அளவு இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே சி4 பயிர் கிடையாது. ஆகவே கடல்தான்.

இன்னொன்று: கொலாஜன் பெரும்பாலும் உணவிலுள்ள புரதத்திலிருந்து உருவாகிறது. புரதம் குறைந்த கிழங்கும் பழமும் அதில் சரியாகப் பதியாது. மேலே வந்த 67ஐ மொத்தச் சாப்பாட்டின் பங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 5: அதே இடத்து விலங்குகளை அளப்பது

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். மனித எலும்பில் நைட்ரஜன் 10 என்றால் அது அதிகமா குறைவா? தனியாகச் சொல்லவே முடியாது. அதே காலத்தில் அங்கே வாழ்ந்த மானுக்கு 4 என்றால் இவர் நன்றாக இறைச்சி சாப்பிட்டவர். மானுக்கே 8 என்றால் கதை வேறு. வறண்ட நிலத்தில் செடியிலேயே நைட்ரஜன் அளவு உயரும். சாணம் போட்ட வயலின் தானியத்திலும் உயரும். பால்குடிக் குழந்தைகளுக்குத் தாயைவிட ஒரு படி கூடும், ஏனென்றால் அவர்கள் தாயின் உடலிலிருந்தே உண்கிறார்கள். அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் செடிகளில் கார்பன் அளவு இன்னும் தாழ்ந்துபோகும். இலங்கையின் பதடொம்பலென போன்ற குகைகளில் கிடைத்த மனிதப் பற்களை அந்தப் பகுதி விலங்குப் பற்களோடு ஒப்பிட்டுத்தான், குறைந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் மழைக்காட்டை நம்பி வாழ்ந்தார்கள் என்று 2015இல் காட்டினார்கள்.

கொலாஜன் இல்லாவிட்டால்?

வெப்பமான நாடுகளில் கொலாஜன் சீக்கிரம் அழியும். லட்சக்கணக்கான ஆண்டுப் புதைபடிவங்களில் பெரும்பாலும் இருக்காது. அப்போது பல்லின் எனாமல்தான் கதி. அது கெட்டியான கனிமம். பல லட்சம் ஆண்டுகளுக்கும் தாங்கும். நைட்ரஜன் கிடைப்பது அரிது, ஆனால் கார்பன் உண்டு, அதுவும் மொத்த உணவையும் காட்டும். இதற்குரிய எண்கள் வேறு: சி4 மட்டும் தின்ற விலங்குக்குச் சுழியம் ஒட்டி வரும்.

1959இல் மேரி லீக்கி தான்சானியாவின் ஓல்டுவாயில் கண்டெடுத்த மண்டையோட்டின் இனம், மனிதனுக்கு உறவான, அழிந்துபோன பராந்த்ரோபஸ் பாய்சை. பெரிய கடைவாய்ப் பற்களைப் பார்த்து அதற்குக் 'கொட்டை உடைப்பான்' என்றே பட்டப்பெயர். 2011இல் இந்த இனத்தின் எனாமலை அளந்தபோது உணவில் முக்கால் பங்குக்கு மேல் சி4 என்று வந்தது. கொட்டை தரும் மரங்கள் சி3. இது புல்லும் கோரையும் தின்ற வாய். புல்லின் எந்தப் பாகத்தைத் தின்றது என்பதைக் கார்பன் சொல்லாது. அதற்குப் பற்களின் மேலிருக்கும் நுண்ணிய கீறல்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.