அரபுப் பள்ளிச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் பணிக்குப் புதிதாக வருவோரின் வரைவுகளைத் திருத்தும்போது, தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை வேறொருவர் கையெழுத்தில் காண்கிறேன். ஈரானும் துருக்கியும் இந்தோனேசியாவும் அரபு நாடுகள் அல்ல என்பது போன்றவற்றை எவரும் சில நாட்களில் தாமே திருத்திக்கொள்வர் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மத்ரஸா என்றதும் சமயக் கல்விக்கூடம் என்று முடிவுகட்டுவது

அரபு மொழியில் மத்ரஸா என்றால் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். பாடத்தைக் குறிக்கும் 'தர்ஸ்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்த அது, கெய்ரோவின் அரசுப் பள்ளிக்கும் பெய்ரூட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கும் ஒன்றுபோலவே வழங்குகிறது. தமிழ்நாட்டிலோ பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகும் இடத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டதால், நாம் எளிதில் தடுமாறுகிறோம்.

ஏமனிலிருந்து பட்டப்படிப்புக்கு வந்த மாணவி ஒருத்தியின் பள்ளி இறுதிச் சான்றிதழை ஒருமுறை மொழிபெயர்த்தேன். தலைப்பில் 'மத்ரஸா', அதையடுத்துப் பெண்களுக்கானது என்று காட்டும் 'லில் பனாத்', அறிவியல் பிரிவைச் சுட்டும் 'இல்மீ', கீழே கட்டம் கட்டமாக இயற்பியல், வேதியியல், உயிரியல், கணித மதிப்பெண்கள். இத்தனையும் கண்ணெதிரே இருந்தும், மத்ரஸா என்ற சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே விட்டு முத்திரையிட்டுக் கொடுத்தேன். கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் அதைச் சமயக் கல்விச் சான்றாகக் கருதி, பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரானது என்பதற்குத் தனிக் கடிதம் கேட்டார்கள். போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லால் அவளுக்கு ஓராண்டு போயிற்று. இதே சொல்லை இன்றும் வரைவுகளில் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் இருப்பது ஒரே 'பள்ளி'தானே? அதை வைத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை ஓர் அரபு மொழிபெயர்ப்பாளர் தொழுகைக்கூடம் என்று எழுதினால் நாம் ஏற்போமா?

அதே வேளையில், மத்ரஸா எங்கும் சாதாரணப் பள்ளிதான் என்று எண்ணுவதும் பிழை. இந்தோனேசியாவில் அது சமய விவகார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆனால் 1975 இல் மூன்று அமைச்சர்கள் வெளியிட்ட கூட்டு ஆணை பொதுப் பாடங்களுக்கே பெரும்பங்கை ஒதுக்கி, அதன் சான்றிதழைப் பொதுப் பள்ளிச் சான்றிதழுக்கு நிகராக்கியது. வங்கதேசத்தில் அரசு மத்ரஸா வாரியத்தின் கீழ் வரும் ஆலியா மத்ரஸாவின் 'தாகில்' பத்தாம் வகுப்புக்கும் 'ஆலிம்' பன்னிரண்டாம் வகுப்புக்கும் சமம்; சமயக் கல்வியையே முதன்மையாகக் கொண்ட கவ்மி மத்ரஸாக்கள் அந்த வாரியத்துக்கு வெளியே இயங்குபவை. எனவே நாட்டையும் சான்றளித்த வாரியத்தையும் பாடப் பட்டியலையும் பார்த்த பிறகே நிறுவனத்தின் பெயரில் கை வையுங்கள்.

அல் அஸ்ஹர் பட்டம் எல்லாம் சமயப் பட்டம் என்பது

சமயக் கல்விக்குப் பெயர்பெற்ற, கெய்ரோவிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மருத்துவமும் பொறியியலும் உண்டு.

வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளை வைத்து அந்நாட்டுக் கல்வியை எடைபோடுவது

அங்கே நடப்பது நம் நாட்டுப் பாடத்திட்டம்.

ஆப்கானிஸ்தானை எல்லா நாடுகளுக்கும் அளவுகோலாக்குவது

2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியை அடைத்ததும், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் அடைத்ததும் அந்த ஒரு நாட்டு ஆட்சியாளர்கள் இழைத்த கொடுமை. சவூதி அரேபியாவில் பெண்களுக்கான அரசுப் பள்ளிகள் 1960 இல் தொடங்கின. அவற்றை நடத்தியது கல்வி அமைச்சகம் அன்று, பெண் கல்விக்கென்றே அமைந்த தனித் தலைமையகம். 2002 இல்தான் அது அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய சான்றிதழ்களில் அண்ணனுடையதில் அமைச்சகத்தின் பெயரும் தங்கையுடையதில் தலைமையகத்தின் பெயரும் இருப்பது முறையானதே. இந்த வேறுபாட்டைக் கண்டு, தங்கையின் சான்றிதழ் போலியோ என்று ஐயுற்றுத் திருப்பி அனுப்பிய இளம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம், சென்ற மாதம் இதையே விளக்க வேண்டியிருந்தது.