அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால்: வளரும் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் உங்களிடம் 40 ரூபாய்க்கு ஒரு போஸ்ட்கார்டு வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறார். மூன்று மாதம் கழித்து, சிறுவர் கதைக்குப் படம் வரைய ஆள் தேடும் அவருடைய தோழி வருகிறார். "இது யார் வரைஞ்சது?" அட்டையைத் திருப்பினால் வெள்ளை. வர வேண்டிய வேலை அங்கேயே நின்றுபோகும்.

அட்டை, ஸ்டிக்கர், புக்மார்க் விற்று வரும் லாபம் சின்னது. உங்கள் பெயரை நீங்கள் போகாத இடத்துக்கெல்லாம் அது கொண்டுபோகிறதே, அதுதான் பெரிய வரவு. அதனால் பெயரில்லாமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். பின்பக்கத்தின் கீழ் ஓரத்தில் பெயர், இன்ஸ்டாகிராம் கணக்கு, மின்னஞ்சல் மூன்றும் 7 அல்லது 8 பாயின்ட் எழுத்தில் இருந்தால் போதும். ஸ்டிக்கரில் பின்தாள் குப்பைக்குப் போய்விடும். ஆகவே கையெழுத்தைப் படத்துக்குள்ளேயே வையுங்கள். க்யூஆர் கோடு போடுவதானால் 2 செ.மீ.க்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் அடர் நிறத்தில் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் தாளில் எடுத்து இரண்டு மூன்று போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

அடுத்தது, ஆசைப்பட்டு ஒரே நேரத்தில் ஏழெட்டு வகை செய்வது. மேக்னெட், கீசெயின், துணிப்பை, காலண்டர் என்று பணம் முடங்கும்; எதிலும் பத்துக்கு மேல் நகராது. ஏ6 அளவு (105×148 மி.மீ.) போஸ்ட்கார்டும் புக்மார்க்கும் தொடங்கப் போதும். டிஜிட்டல் அச்சில் பெரும்பாலும் தாள் கணக்கில்தான் காசு. 13×19 இன்ச் தாளில் பிளீடோடு (வெட்டுக்கோட்டைத் தாண்டி வெளியே விடும் கூடுதல் படப்பகுதி) ஏ6 அட்டை எட்டு அமரும், 12×18 தாளில் அமராது. எந்தத் தாள் என்று கேட்காமல் விலை பேசினால் ஒரு அட்டையின் அடக்கவிலையே மாறிவிடும்.

அச்சில்தான் அதிகம் கெடுகிறது

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. ஆர்ஜிபி கோப்பில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையில், பளிச்சென்று இருந்த கிளிப்பச்சை, ராணி பிங்க், மின்னும் நீலம் மூன்றும் சிஎம்ஒய்கே எனும் நான்கு மை அச்சில் மங்கிவிடும், ஏனென்றால் அந்த நான்கு மைகளால் அவ்வளவு பிரகாசம் தர முடியாது. மாம்பழ மஞ்சள் பெரும்பாலும் தப்பிக்கும். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு வரையுங்கள். முழு வெளிச்சத்தில் வரைந்த இரவுக் காட்சி தாளில் கரிப்பிடித்ததுபோல் வரும். நூறு பிரதி சொல்லும் முன் அதே தாளில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். அந்தச் செலவுக்குத் தயங்கி மொத்தக் கட்டையும் மூலையில் போட்டவர்கள் நிறைய.

இன்ஸ்டாகிராமுக்குச் செய்த 1080 பிக்சல் அகலப் படத்தை ஏ4 தாளுக்கு அனுப்புவது இன்னொரு பழக்கம். அது ஒரு இன்ச்சுக்கு 130 பிக்சல்தான் வரும், தேவை 300. ஏ6 அட்டைக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீடு சேர்த்து 111×154 மி.மீ., அதாவது 1311×1819 பிக்சல். பிளீடு விடாவிட்டால் கட்டிங் மெஷின் அரை மில்லி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியும். எழுத்தையும் முகத்தையும் வெட்டுக்கோட்டிலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. 'பொங்கல்' என்று அடித்தது, அச்சுக் கடைக்காரர் கணினியில் திறந்ததும் 'ப' முதலில் நின்று கொம்பும் காலும் பின்னால் தனித்தனியாக விழுந்து கிடக்கும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்கள் கணினியிலேயே இப்படி ஆகும். எழுத்துப்பிழை பார்த்து முடித்ததும் எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, வேறொரு கருவியில் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். மாற்றாத மூலக்கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள். அவுட்லைன் ஆனபின் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

வீட்டு இங்க்ஜெட்டில் சாதாரணத் தாள் ஸ்டிக்கர் எடுத்து 'வாட்டர்ப்ரூஃப்' என்று விற்கவே கூடாது. டை மை எனப்படும் சாய மை ஈரக்கை பட்டாலே கரையும். வினைல் எனும் பிளாஸ்டிக் தாளில் எடுத்து மேலே லேமினேஷன் போட்ட பிறகும் ஒன்றை எவர்சில்வர் டம்ளரில் ஒட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் ஓரம் கிளம்பாமல், மை பரவாமல் இருந்தால் அந்த வார்த்தையை எழுதலாம். போஸ்ட்கார்டுத் தாள் 300 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறைய வேண்டாம். பின்பக்கத்தில் லேமினேஷனே வேண்டாம், பேனா எழுதாது.

விலை

ஐந்து அட்டை கொண்ட செட்டை ஒரு மாதிரிக் கணக்காகப் பார்ப்போம். அச்சு 60, கவரும் உள்ளட்டையும் 12, லேபிள் 3, ஆக 75 ரூபாய். 99க்கு விற்றால் 24 ரூபாய் மிஞ்சுவதுபோல் தெரியும். விற்றுத்தரும் கடை தன் கமிஷனாக 25 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது 74 சொச்சம். செட்டுக்கு ஒரு ரூபாய்க்குக் கிட்ட நஷ்டம். உங்கள் நேரம் கணக்கிலேயே வரவில்லை. இதே செட்டுக்கு 180 வைத்தால்தான் மூச்சுவிட இடம் இருக்கும். பிறகு விலையை ஏற்றுவது கடினம், முதல் நாளே சரியாக வையுங்கள். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பும்போது ஜிஎஸ்டி விதி வேறு. முதல் பார்சலுக்கு முன்பே ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

நடிகர் முகம், பட வசனம் போட்டால் வேகமாக விற்கும். அந்த உரிமை உங்களுடையதல்ல, வாங்குகிறவர் மனதில் நிற்பதும் நடிகர்தான், நீங்கள் இல்லை. அட்டையில் எழுதக் கவிதை வரி வேண்டுமென்றால் குறள் இருக்கிறது, 1949இல் அரசுடைமையான பாரதி பாடல்கள் இருக்கின்றன. ஃபான்ட்டிலும் கவனம்: 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இலவசமாகக் கிடைப்பதை விற்பனைப் பொருளில் போட முடியாது.

காலண்டரை டிசம்பரில் யோசிக்கத் தொடங்குவது தாமதம். சிவகாசியில் அடுத்த ஆண்டு காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிடுகிறார்கள். தீபாவளி நெருங்கினால் அச்சகங்களில் வேலை குவிந்திருக்கும். ஆகஸ்டில் வரைந்து முடித்து, செப்டம்பரில் அச்சுக்குக் கொடுங்கள். பொங்கல் தாண்டினால் பாதி விலைக்கும் கேட்க ஆளிருக்காது.

இணையத்தில் பக்கம் முழுக்க 'ஆர்டருக்கு மெசேஜ் செய்யவும்' என்றே ஓடினால், வேலை தர வருகிற எடிட்டர் அதைக் கடை என்று நினைத்துக் கடந்துவிடுவார். சென்னையின் துளிகா, தாரா போன்ற பதிப்பகங்களுக்கு வேலை காட்ட நினைப்பவர் ஒரே பாத்திரத்தை ஓடும்போதும், அழும்போதும், முதுகு காட்டி நிற்கும்போதும் வரைந்து போடுங்கள். ஆள் மாறாமல் வருகிறதா என்பதுதான் கதைப்புத்தகத்துக்கு முதல் சோதனை. இன்ஸ்டாகிராம் கணக்கில் பெயர் எழுதும் கட்டமும் தேடலில் வரும். அங்கே பெயரோடு 'சிறுவர் நூல் ஓவியர், மதுரை' என்பதுபோல் தொழிலும் ஊரும் சேருங்கள். பொருளை டியூப்லைட்டில் எடுக்காதீர்கள், நிறம் திரியும். காலை ஜன்னலோரத்தில், அளவு புரியும்படி கையில் பிடித்து எடுங்கள். கணக்கு முடங்கினால் எல்லாமே போய்விடும் என்ற நிலை கூடாது: சிறந்த பத்துப் பன்னிரண்டு படங்களும் மின்னஞ்சலும் உள்ள சொந்தப் பக்கம் ஒன்று இருக்கட்டும், க்யூஆர் கோடு அங்கே போகட்டும்.

பார்சலில் அட்டையை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு நெளிவு அட்டைகளுக்கு (பார்சல் பெட்டி செய்யும் அட்டை) நடுவே வையுங்கள். ஒன்றின் நெளிவு நீளவாக்கிலும் மற்றதன் நெளிவு குறுக்கிலும் இருந்தால் எந்தப் பக்கமும் மடங்காது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள், வாங்கியவர் பெயரைக் கையால் எழுதி, கீழே இப்படி: 'சிறுவர் நூல், அழைப்பிதழ், அட்டைப்பட வேலைகள் வரைந்து தருகிறேன்.' அட்டை வாங்குகிற பலருக்கு நீங்கள் அதையும் செய்வீர்கள் என்பதே தெரியாது.