நீண்ட நர்சிங் டியூட்டி, தீராத அசதி: நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

விடியற்காலை 4 மணிக்கு வார்டில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கண் திறந்திருக்கும், கை வேலை செய்துகொண்டிருக்கும், ஆனால் சார்ட்டில் ஒரே வரியை மூன்று தடவை படித்தாலும் மனதில் ஏறாது. சோம்பேறித்தனம் என்று அதற்காக யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் உடல் சூடு குறைந்து, விழிப்பும் இறங்கித்தான் இருக்கும். 20 வருட அனுபவம் உள்ளவருக்கும் அப்படித்தான்.

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு, "எனக்கெல்லாம் பழகிவிட்டது" என்று நம்புவது. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மூன்றாவது நைட் ஒன்றில் இன்சுலின் 6 யூனிட் எடுக்க வேண்டிய இடத்தில் 16 எடுத்துவிட்டேன். சரிபார்க்க வந்த ஜூனியர், "சிஸ்டர், ஆறு தானே போட்டிருக்கு?" என்று கேட்ட பிறகுதான் சிரிஞ்சைப் பார்த்தேன். ஊசி போடவில்லை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நொடி வரை நான் தெளிவாக இருப்பதாகத்தான் உறுதியாக நினைத்துக்கொண்டிருந்தேன், என்னைப் பயமுறுத்தியது அதுதான். 2003இல் வந்த ஓர் ஆய்வில் 14 நாட்கள் தொடர்ந்து தினமும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கவைக்கப்பட்டவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு தூங்காமலே இருந்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. அவர்களைக் கேட்டால் லேசாகத்தான் தூக்கம் வருகிறது என்றார்கள். களைத்த மூளையால் தன் களைப்பை அளக்க முடியாது. அதனால் எப்போது தூங்குவது, எத்தனை மணிக்குக் காபியை நிறுத்துவது, கூடுதல் டியூட்டி கேட்டால் என்ன சொல்வது எல்லாவற்றையும் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் முடிவுசெய்து வைத்துவிட வேண்டும். 4 மணிக்கு எடுக்கிற முடிவை நம்ப வேண்டாம்.

தொடர் நைட் டியூட்டியின் முதல் நைட்டுக்கு முன்னால் நிறையப் பேர் செய்வதைப் பாருங்கள். காலை 7 மணிக்கு எழுந்து, வீட்டு வேலை எல்லாம் முடித்து, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இரவு 8 மணிக்கு டியூட்டிக்குப் போகிறார்கள். கணக்குப் போட்டால் நள்ளிரவு 12 மணிக்கே விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது, காலையில் அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைத்து ஹேண்டோவர் கொடுக்கும்போது 24 மணி நேரம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையது போல ஆகிவிடும் என்று 1997லேயே சோதித்துக் காட்டினார்கள். அந்த நிலையில் ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவுக்குக் கணக்கு போடுகிறோம். முதல் நைட் அன்று மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டறையில் கண்ணை மூடிக் கிடங்கள், பல நாள் தானாகவே தூக்கம் வந்துவிடும்.

காபி விஷயத்தில் தவறு அளவில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. குடித்த காபியில் பாதி உடலை விட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் கண்ணைத் திறந்துவைக்கக் குடித்த காபி 10 மணிக்கு, நீங்கள் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கும்போது, இன்னும் பாதி வேலை செய்துகொண்டிருக்கிறது. டியூட்டியின் முதல் பாதியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், படுக்கப் போகும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் போதும். பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் நம்மிடம் பெரிய பழக்கம். தலைவலியையும் சோர்வையும் அதுவே கூட்டுகிறது.

அடுத்தது பிரேக். "நோயாளியை விட்டுவிட்டு எப்படிப் போவது" என்று கேட்பவர்கள்தான் நல்ல நர்ஸ்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் பிரேக்கை விட்டுவிடுவது நோயாளிக்கு நல்லதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டுப் போங்கள், அவர் போகும்போது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் இடத்தில் தூங்க அனுமதி இருந்தால் அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்கலாம். ஒரு மணி நேரம் வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில் பாதியில் எழுப்பப்பட்டால் அரை மணி நேரம் வரை தலை மந்தமாகவே இருக்கும். எப்படித் தூங்கி எழுந்தாலும் முகம் கழுவி, கொஞ்சம் நடந்து, 15 நிமிடமாவது போன பிறகே மருந்தைத் தொடுங்கள்.

ஓவர்டைமுக்கு வருவோம். ஷிஃப்ட் முடியும் நேரத்தில், "இன்னும் 4 மணி நேரம் இருந்துவிடேன், ஆள் வரவில்லை" என்று கேட்பார்கள். அப்போது நமக்கு மறுக்கக்கூடத் தெம்பு இருக்காது, சரி என்றுவிடுவோம். அமெரிக்காவில் 393 நர்ஸ்கள் எழுதிய தினக்குறிப்புகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், 12.5 மணி நேரமும் அதற்கு மேலும் நீண்ட ஷிஃப்டுகளில் தவறு நேரும் வாய்ப்பு 3 மடங்காகியிருந்தது. பணம் தேவைப்படும், கூட வேலை செய்பவர்கள் தவிப்பார்கள், எல்லாம் உண்மை. அதனால் ஒரேயடியாக மறுக்கச் சொல்லவில்லை. மாதத்துக்கு இத்தனை, தொடர்ந்து 3 நைட்டுக்குப் பிறகு கிடையாது, இப்படி ஒரு எல்லையை முன்கூட்டியே உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது யோசிக்காமல் அதையே சொல்லலாம்.

நைட் முடிந்து தானே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி நினைத்தால்தான் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், பாட்டைச் சத்தமாக வைத்தால் போதும் என்கிறார்கள். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடும், அதைக் குளிர்ந்த காற்றோ பாட்டோ தடுக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி என்றால் வண்டி 65 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கடைசித் திருப்பத்தை எப்படிக் கடந்தோம் என்று நினைவில்லை என்றால் வண்டியை ஓரமாக நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. கிளம்பும் முன் 20 நிமிடம் தூங்குங்கள், அல்லது யாரையாவது கூட்டிப்போக வரச் சொல்லுங்கள், பேருந்து இருந்தால் அதில் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் "இந்த ஒரு வேலையை முடித்துவிட்டுப் படுக்கிறேன்" என்பதுதான் பகல் தூக்கத்தைக் கெடுக்கும் முக்கியக் காரணம். நேரம் ஏற ஏற உடல் சூடும் ஏறும், தூக்கம் பிடிப்பது கஷ்டமாகிவிடும். வந்தவுடன் லேசாகச் சாப்பிட்டு, தடித்த திரை போட்டு, ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். பகலில் வீட்டில் இருப்பதால் நாம் சும்மா இருக்கிறோம் என்று குடும்பத்தில் நினைப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நாம் சொல்லவில்லை. தூங்கும் நேரத்தைக் காலண்டரில் எழுதி ஒட்டுங்கள். அப்புறம், மது தூங்கவைக்கும்தான், ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தூக்கத்தைக் கலைத்துவிடும். தூக்க மாத்திரையை வார்டு நண்பர்களிடம் வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

இவ்வளவும் செய்தும், நான்கைந்து நாள் லீவில் நன்றாகத் தூங்கியும் அசதி போகவில்லை என்றால் எல்லாப் பழியையும் ஷிஃப்ட் மேல் போடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு எல்லாமே வெறும் அசதியாகத்தான் முதலில் தெரியும். நோயாளிக்கு இதே அறிகுறி இருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம், நமக்கு மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போடுகிறோம். வேலை மேல் வெறுப்பு, நோயாளி கூப்பிட்டாலே எரிச்சல், என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம் மூன்றும் அசதியோடு சேர்ந்து வந்தால் தூக்கம் மட்டும் அதைத் தீர்க்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட் என்பதை இந்த அடையாளங்களோடுதான் விளக்கியது, அது வேலையிடத்திலிருந்து வருவது என்றும் சொன்னது.

வேலையிடத்திலிருந்து வருவதை ஒரு நர்ஸ் தனியாகச் சரிசெய்ய முடியாது, அதனால் ரோஸ்டரைப் பற்றி, அதாவது யாருக்கு எப்போது எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணையைப் பற்றி, சேர்ந்து பேசுங்கள். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாறும் வரிசை பெரும்பாலோர் உடலுக்கு எளிது, ஏனென்றால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது முன்னே கொண்டுவருவதைவிட சுலபம். மாலை ஷிஃப்ட் முடிந்து மறுநாள் காலையிலேயே வரச் சொல்வதுதான் மிக மோசம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் ஒரு நாளுக்குக் குறைந்தது 11 மணி நேரம் தொடர் ஓய்வு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் வார்டு பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். கடந்த மாதம் யார் யாருக்கு எத்தனை தடவை 11 மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி விழுந்தது என்று நான்கு பேராக எழுதிக்கொண்டு, அடுத்த ரோஸ்டர் போடுவதற்கு முன்பே அந்தத் தாளோடு போய் உட்காருங்கள்.