விஎச்எஃப் செட்: கேட்கிறது, நாம் பேசினால் எட்டவில்லை

தூத்துக்குடியில் எங்கள் ஃபைபர் வள்ளத்தில் புது விஎச்எஃப் செட்டும் (படகுகள் ஒன்றோடொன்று பேசும் ரேடியோ) எட்டடி ஆன்டெனாவும் போட்டோம். கேபிள் மட்டும் பழையது. பக்கத்துப் படகுகள் பேசுவது தெளிவாகக் கேட்டது. நாங்கள் பேசினால் இரண்டு கடல் மைல் தாண்டி யாருக்கும் எட்டவில்லை. 25 வாட்டில் வைத்தும் பயனில்லை.

பேட்டரியைப் பார்த்தோம். மைக்கை அமுக்கும்போதும் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. வேறு செட் மாட்டினோம், அதே கதை. மல்டிமீட்டர் வைத்தால் ஆன்டெனாவில் ஷார்ட். "ஆன்டெனா போச்சு, மாத்துங்க அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். இங்கேதான் பலரும் வீணாகக் காசை விடுகிறார்கள். பல கடல் ஆன்டெனாக்களின் உள்ளே சுருள் இருப்பதால் மீட்டருக்கு ஷார்ட்டாகத்தான் தெரியும். ரேடியோ அலைக்கு அது ஷார்ட் இல்லை.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் (செட் அனுப்பும் சக்தி ஆன்டெனாவுக்குள் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) இரவல் வாங்கி, செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டினேன். (சேனல் 16 அவசர அழைப்புக்கானது, அதில் சோதிக்காதீர்கள்.) மைக்கை அமுக்கியபோது 3-க்கு மேல் காட்டியது; 1-ஐ ஒட்டி இருந்தால்தான் நல்லது. ஆன்டெனா பக்கத்து பிஎல்-259 கனெக்டரை வெட்டி, கேபிள் தோலை உரித்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே பின்னல் கம்பி கறுத்து, பச்சை பூத்து, விரலில் பொடியாக உதிர்ந்தது. கனெக்டர் வழியே நுழைந்த உப்புத்தண்ணீர் பின்னலோடு கீழே இறங்கியிருக்கிறது.

செம்பு பளபளவென்று தெரியும்வரை, ஒரு முழத்துக்கு மேல், வெட்டி எறிந்தேன். புது கனெக்டரைச் சால்டர் வைத்து, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். மீட்டர் 1.4-க்கு இறங்கியது. மறுநாள் நடுக்கடலிலிருந்து பேசியது துறைமுகம்வரை கேட்டது.